சோதனைச்சாவடியைத் தாண்டும் உரிமை, தாண்டாத உரிமை

எல்லையோர வாசகர்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் மூணாறு, பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர், பாறசாலை, குமுளி, நகரி பக்கத்திலிருந்து வந்தவை. கேள்விகள் பலவாக இருந்தாலும் அடியில் ஓடும் கவலை ஒன்றுதான். மாநில எல்லையைத் தாண்டும்போது எந்த உரிமை கூடவே நடந்துவரும், எது பழைய மண்ணிலேயே நின்றுவிடும்?

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து எஸ்டேட் லயத்தில்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான், இருக்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கேரளத்து சாதிச் சான்றிதழுக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் மனுப் போட்டோம். 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு நிலப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள். லயத்தில் இருந்தவனுக்குப் பத்திரம் ஏது? எங்கள் சாதிப் பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கிறதே, அது போதாதா?
வாசகர், மூணாறு

பதில்: பெயர் இருப்பது மட்டும் போதாது. பட்டியல் சாதி என்பது அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவுப்படி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக அறிவிக்கப்படுவது. ஆதி திராவிடர், அருந்ததியர், பள்ளர், பறையர் என்று ஒரே பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கலாம். ஆனாலும் கேரளப் பட்டியலில் உள்ள பெயர் கேரளத்தில் வேர் உள்ளவர்களைத்தான் குறிக்கும். ஆந்திரத்தில் பழங்குடியாக இருந்த ஒரு மாணவர் மும்பையில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இப்படித்தான் தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்டில் இன்னொரு அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது.

வேர் எந்தத் தேதியில் பார்க்கப்படுகிறது? பட்டியல் சாதிக்கு 1950 ஆகஸ்ட் 10, பழங்குடிக்கு 1950 செப்டம்பர் 6. குடியரசுத் தலைவரின் முதல் ஆணைகள் வெளியான நாட்கள் அவை. அன்று உங்கள் முன்னோர் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தார்கள் என்று காட்டினால், நீங்கள் வந்தேறியவர் ஆகமாட்டீர்கள்.

அதை நிலப் பத்திரத்தால்தான் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை மனுவிலேயே எழுதுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு நிலம் எழுதிக் கொடுத்த வழக்கமே கிடையாது. அவரிடம் பத்திரம் கேட்பது, இருக்கவே முடியாத ஒன்றைக் கேட்பது. கேட்க வேண்டியது குடியிருப்புக்கான சான்று, அது பல வடிவத்தில் கிடைக்கும்.

முதலில் எஸ்டேட் அலுவலகத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), கூலிப் புத்தகம், லயம் ஒதுக்கிய பதிவேடு. பக்கத்தின் மேலே தேதி, மாதம், டிவிஷன் பெயர் தெரியும்படி நகலெடுத்து மேலாளரின் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தாத்தாவின் பெயர் உள்ள வரியை மட்டும் வெட்டி நகலெடுத்துக் கொண்டுபோனால் தள்ளிவிடுவார்கள். அடுத்து எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1940-களில் சேர்ந்த பெரியப்பா, அத்தை யாருடைய பெயர் இருந்தாலும் அது உங்கள் குடும்பத்துக்கான சான்றே. சாதிப் பத்தியில் ‘தமிழர்’ என்றோ ‘இந்து’ என்றோ மட்டும் எழுதியிருந்தால் பதற வேண்டாம். அந்தத் தாள் குடியிருப்பைக் காட்டும், சாதியை வேறொரு தாளால் காட்டிக்கொள்ளலாம். மூன்றாவது பிறப்பு இறப்புப் பதிவு, எஸ்டேட் மருத்துவமனைப் பதிவேடு. நான்காவது முதல் பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியல். அதில் பெயர் ஏற, அதற்கு முன்பே அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்பதால் இது வலுவான தாள்.

தேடும் இடத்திலும் கவனம் வேண்டும். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-ல்தான் உருவானது. அதற்கு முன் தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. இடுக்கி ஆபீசில் ‘இல்லை’ என்று சொன்ன பழைய தாள் கோட்டயத்தில் கிடைக்கலாம், திருவனந்தபுரம் மாநில ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று கண்ணிகள் கோர்க்க வேண்டும்: 1950-ல் தாத்தா இங்கே இருந்தார், அவர் மகன் உங்கள் அப்பா, அப்பாவின் பிள்ளை நீங்கள். பெரும்பாலான மனுக்கள் அறுவது நடுக் கண்ணியில். செக்ரோலில் ‘மாடன்’, பள்ளிப் பதிவில் ‘மாடசாமி’, அப்பாவின் பி.எஃப். தாளில் ‘எம். சாமி’ என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழ் வாங்கி முதலிலேயே இணைத்துவிடுங்கள். பி.எஃப். தாள் 1950-ஐக் காட்டாது. ஆனால் அதில் அப்பாவின் அப்பா பெயர் இருக்கும், அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

‘திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் வீடு இருக்கிறதே, பொங்கலுக்குப் போய்வருகிறீர்களே’ என்றும் கேட்பார்கள். ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என்ற சொல்லுக்கு 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவில் உள்ள பொருளே இதற்கும். ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதாலேயே அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார், தற்காலிகமாக ஊருக்குப் போய்வந்தால் குடியிருப்பு அறாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கேரளத்தில் சாதிச் சான்றிதழுக்கென்றே 1996-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மேல்முறையீடு அதன்படிதான் போகும். உத்தரவு கைக்கு வந்த தேதியை உறைமேல் குறித்து வையுங்கள், கெடு அன்றிலிருந்து ஓடும். தேவிகுளம் தனித் தொகுதித் தேர்தல் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், வென்றவர் கேரளப் பட்டியல் சாதியினர் அல்ல என்று அந்தத் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வெற்றியை நிலைநிறுத்தியது. தாத்தா பாட்டி எப்போது எஸ்டேட்டுக்கு வந்தார்கள் என்பதும் சர்ச் பதிவேடுகளும் அங்கே வரிவரியாக அலசப்பட்டன. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் உங்கள் கோப்பு எவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா உண்மையிலேயே 1950-க்குப் பிறகு வந்தவர் என்றாலும் கதவு முழுதாக மூடிவிடாது. அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழ்நாட்டுச் சான்றிதழ் இருந்தால், அதை அடிப்படையாகக் காட்டி நீங்கள் இப்போது வசிக்கும் மாநிலத்தின் அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று மத்திய உள்துறை 1982 நவம்பர் 18-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் செல்லும். கேரள பி.எஸ்.சி.க்குச் செல்லாது.

கேள்வி: என் தாத்தா 1953-ல் செங்கோட்டையிலிருந்து பீர்மேட்டுக்கு வந்தார். 1950 தாண்டிவிட்டதால் எங்களுக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உண்மையா?
வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊர் பெயர்தான் இங்கே எல்லாமே. இன்றைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு 1950-ம் ஆண்டின் வரைபடத்தை விரியுங்கள். அன்று செங்கோட்டையும் பீர்மேடும் ஒரே மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைத் திருத்தியபோதுதான் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆக உங்கள் தாத்தா 1953-ல் எந்த மாநில எல்லையையும் தாண்டவில்லை. தாத்தா ஒரே மாநிலத்துக்குள்தான் இடம் மாறினார், எல்லைதான் பிறகு நகர்ந்தது.

இதேபோல் பாலக்காடு தாலுகா அன்று சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து 1952-ல் பாலக்காட்டுக்குப் போனவர் மாநிலம் மாறவில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, அங்கே போனவர் மாநிலம் மாறினார். சில கிலோமீட்டர் இடைவெளியில் சட்டம் வேறாகிறது! ஆந்திரப் பக்கம் சித்தூர் மாவட்டம் முழுவதும் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலம்தான். திருத்தணி அந்த மாவட்டத்திலேயே இருந்து 1960 ஏப்ரல் 1-ல்தான் நம் பக்கம் வந்தது.

இந்த வாதத்துக்குத் துணையாக 2021 ஆகஸ்டில் வந்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. பீகாரிலிருந்து ஜார்க்கண்ட் பிரிந்தபோது இரண்டிலும் மாட்டிக்கொண்டவர் ஏதாவது ஒரு மாநிலத்தில் சலுகை கேட்கலாம், ஒரே நேரத்தில் இரண்டிலும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது 2000-ம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தை வைத்து எழுந்த வழக்கு, உங்களுக்கு அச்சாகப் பொருந்திவிடாது. ஆனாலும் அதன் நியாயம் உங்கள் பக்கம் பேசுகிறது. மனுவோடு 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பழைய வரைபடத்தை யாரும் தாமாக எடுத்துப் பார்க்கமாட்டார்கள், நீங்கள்தான் மேசைமேல் விரிக்க வேண்டும்.

கேள்வி: என் தந்தை சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றவர். நான் இந்துவாகவே வாழ்கிறேன். சாதிச் சான்றிதழ் கிடைக்குமா?
வாசகர், தேவிகுளம்

பதில்: 1950 ஆணையின்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) ஆகியோர்க்கே பட்டியல் சாதி நிலை. மதம் மாறிய குடும்பத்திலிருந்து திரும்பி வந்தவர் மூன்றைக் காட்ட வேண்டும் என்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முன்னோர் அந்தச் சாதியினர், நீங்கள் அந்த மதத்துக்கே திரும்பிவிட்டீர்கள், அந்தச் சமூகம் உங்களை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதற்குத்தான் சான்று குறைவாக இருக்கும். ஊர்க் கோயில் வரி ரசீது, சாதி சங்கப் பதிவு, திருமணப் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். சலுகைக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருப்பதையும் மனத்தில் வையுங்கள். கிறிஸ்தவராகவே இருக்கும் உறவினர்களுக்குக் கேரள பி.எஸ்.சி.யில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியோர் என்ற பிரிவில் 1 சதவீத ஒதுக்கீடு தனியாக உண்டு.

கேள்வி: நான் கோயம்புத்தூர்ப் பெண், பட்டியல் சாதி. கணவர் பாலக்காட்டுக்காரர், அதே சாதி. திருமணத்தால் கேரள ஒதுக்கீடு கிடைக்குமா? பிள்ளைகளுக்கு?
வாசகி, கஞ்சிக்கோடு

பதில்: உங்களுக்குக் கிடைக்காது. சாதி பிறப்பால் வருவது, தாலி கட்டியதால் பட்டியல் மாறாது. பிள்ளைகள் தந்தை வழியில் கேரளச் சான்றிதழ் பெறலாம். விண்ணப்பத்தில் அவருடைய பள்ளிச் சான்றையும் அவர் குடும்பத்தின் பழைய குடியிருப்புத் தாளையும் வையுங்கள், உங்கள் தமிழ்நாட்டுச் சான்றிதழை முதல் தாளாக வைத்துக் குழப்ப வேண்டாம். கலப்புத் திருமணமாக இருந்தால் வேறு கணக்கு. தந்தையின் சாதிதான் என்று தொடக்கத்தில் கொள்வார்கள், பிள்ளை தாயின் சமூகத்தில் வளர்ந்து அதே இழிவுகளைச் சந்தித்தது என்று காட்டினால் அந்த அனுமானம் உடையும். 2012-ம் ஆண்டுத் தீர்ப்பு அது.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன். சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி என்றுதான் எங்கள் வகுப்பில் பலரும் வாதாடுகிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?
வாசகர், பாறசாலை

பதில்: தம்பி, உங்கள் மாநிலத்திலேயே பிறந்த வழக்கு ஒன்று இருக்கிறது. கேரள அரசுப் பதிவுத் துறையில் கீழ்நிலை எழுத்தர்கள் பதவி உயர்வு பெற இலாகா தேர்வு எழுத வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்களுக்குத் தேர்வு எழுத மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்தது அரசு. அதனால் 51 பதவிகளில் 34 அவர்களுக்குப் போனது. தாமஸ் என்ற எழுத்தர் வழக்குப் போட்டார். ஏழு நீதிபதிகள் அமர்வு 1975 செப்டம்பரில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு என்று அதுவரை படித்து வந்தோம். சமத்துவத்தின் உள்ளேயே இருக்கும் ஒரு வழி அது என்று அன்று சட்டம் திரும்பியது. அவகாசம்தான் கொடுத்தார்கள், தேர்வை நீக்கவில்லை என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் பலர் வாதாடுகிறார்கள்.

இதன் அடுத்த படி 2021 மார்ச்சில் ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் வந்தது. எழுத்தில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் விதி, நடப்பில் ஒரு கூட்டத்தாரை மட்டும் வெளியே தள்ளினால் அதுவும் பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்ட அறிஞர்கள் இதை மறைமுகப் பாகுபாடு என்பார்கள். இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: விதி யார்மேல் அதிகமாக விழுகிறது? விழும்போது ஏற்கெனவே உள்ள பின்தங்கலை அது இன்னும் ஆழமாக்குகிறதா?

மேலே மூணாறு வாசகரிடம் கேட்ட நிலப் பத்திரத்தை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். ‘1950-க்கு முந்தைய பத்திரம் கொண்டு வா’ என்பது எல்லோருக்கும் பொதுவான வாக்கியம். நிலம் வைத்திருந்த குடும்பம் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடும். கங்காணி கூட்டிவந்து லயத்தில் விட்ட குடும்பம் மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் பெறவில்லை, அதனாலேயே அதன் பேத்திக்குச் சான்றிதழும் இல்லை என்றாகிறது. நிலமில்லாமை அவர்கள்மேல் சுமத்தப்பட்டது, அதையே காரணம் காட்டிக் கதவை மூடுவது அநியாயம். என் கருத்தில் இந்த வாதத்தை எல்லையோரத் தமிழருக்காக யாராவது நீதிமன்றத்தில் முழுமையாக எடுத்து வைக்க வேண்டும். உங்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 தீர்ப்பிலேயே, இடம்பெயர்ந்தோரின் கஷ்டத்துக்கு நாடாளுமன்றம் தகுந்த சட்டம் யோசிக்கலாம் என்ற குறிப்பு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். உன் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, இங்கே வன்கொடுமை வழக்கு ஆகாது என்கிறது போலீஸ்.
வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: வேலை ஒதுக்கீடு வேறு, அடி உதையிலிருந்து பாதுகாப்பு வேறு. மும்பை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் இதையே தீர்மானித்தது: வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் பூர்வீக மாநிலத்தோடு நின்றுவிடாது. கேரள நீதிமன்றங்களை அது கட்டாயப்படுத்தாது. ஆனாலும் புகாரோடு அதன் நகலைக் கொடுத்தால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

புகாரில் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று எழுதினால் வழக்கு அங்கேயே செத்துவிடும். எந்த இடம், யார் யார் நின்று கேட்டார்கள் என்பதும் வேண்டும். நான்கு சுவருக்குள் தனியாகச் சொன்னதற்கு, சாதியைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு பொருந்தாது, பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி முன்விசாரணை இல்லாமலே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையக்கூடாது, 60 நாளில் முடிக்க வேண்டும். கடையில் தனி டம்ளர், கோயிலில் தடை போன்றவை என்றால் 1955-ம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் சேரும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவுக்கு மாநிலப் பட்டியலே கிடையாது. பட்டியல் சாதியினர் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் பெறலாம், 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழி ஒன்றாம் வகுப்பில் 11 பிள்ளைகள். தமிழ் ஆசிரியர் போட ஆள் போதாது என்கிறார்கள்.
பெற்றோர், நகரி

பதில்: 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த கணக்கு இது: ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர். உங்களிடம் 11 இருக்கிறார்கள். 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று மாநிலத்திடம் சொல்கிறது. பிரச்சினை பெரும்பாலும் சேர்க்கைப் படிவத்தில் கிடக்கும். தாய்மொழிக் கட்டத்தில் அவசரத்துக்குத் ‘தெலுங்கு’ என்று நிரப்பியிருப்பார்கள். கணினியில் ஏறிய எண்ணிக்கை 11 ஆக இருக்காது, 6 ஆக இருக்கும். தலைமை ஆசிரியரிடம் அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கக் கேளுங்கள், தவறிருந்தால் பெற்றோர் கையெழுத்தோடு திருத்துங்கள். திறக்கும் நாளுக்குக் காத்திருக்காமல் கோடை விடுமுறைக்கு முன்பே பெயர்ப் பட்டியலை மண்டலக் கல்வி அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்து மாவட்டக் கல்வி அதிகாரி, அதன்பின் 350பி பிரிவின் கீழ் உள்ள மொழிச் சிறுபான்மையினர் ஆணையர். பிள்ளையின் தாய்மொழி எது என்று முடிவு செய்வது பெற்றோர், அரசு அல்ல என்று 2014-ல் அரசியல் சாசன அமர்வும் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கேரள அரசு அலுவலகத்தில் தமிழில் மனுக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள்.
வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மறுக்க முடியாது. 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே ‘1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழில் தரப்படும் மனு, பதில் தமிழில் வேண்டும்’ என்று எழுதுங்கள். தகவல் உரிமை மனு மட்டும் வேறு. அதன் சட்டம் ஆங்கிலம், இந்தி, வட்டார ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில்.

கேள்வி: ஆந்திரத்தில் பட்டியல் சாதியை மூன்றாகப் பிரித்துவிட்டார்களாமே. நாங்கள் அருந்ததியர், எதில் வருவோம்?
வாசகர், சத்தியவேடு

பதில்: 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தபின், 2025-ல் ஆந்திரம் தன் 15 சதவீதத்தை 1, 6.5, 7.5 என்று பிரித்தது. ஆந்திரப் பட்டியலில் உங்கள் பெயர் ‘அருந்ததியா’ என்று இருக்கிறது, மாதிகாக்கள் உள்ள 6.5 சதவீதப் பிரிவில் வரும். சான்றிதழில் ‘ஆதி திராவிடா’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் பிரிவு மாறிப்போகும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டின் 3 சதவீத அருந்ததியர் உள்ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: தேனி மாவட்டத்துக்காரி. ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை. தமிழ்நாட்டு ரேஷன் கார்டைக் குமுளிக் கடையில் காட்டினால் அரிசி இல்லை என்கிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் என்றார்களே?
வாசகி, குமுளி

பதில்: கார்டைத் திருப்பி வகையைப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்று இருந்தால் இந்தியாவில் எந்தக் கடையிலும் வாங்கலாம். என்.பி.எச்.எச். என்று தொடங்கினால் அது தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து தரும் அரிசி, எல்லை தாண்டாது. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் விளக்குவதில்லை, பாதிப் பேர் சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

பி.எச்.எச். என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ, இரண்டும் இப்போது இலவசம். பருப்பு, பாமாயில் இங்கே கேட்க முடியாது, அவை அந்தந்த மாநிலத்துச் சலுகை. உங்கள் பங்கை மட்டும் குமுளியில் வாங்கிக்கொண்டு மீதியை ஊரில் உள்ளவர்கள் வாங்கலாம். ஏலக்காய் பறிக்கும் கையில் ரேகை தேய்ந்திருப்பதால் மிஷின் ஏற்காமல் போகும். நல்ல தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள், அதுவும் ஆகாவிட்டால் ஆதாரோடு இணைத்த செல்லுக்கு ஓ.டி.பி. கேளுங்கள். கேரளத்தில் இன்னொரு கார்டு எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆதார் இரண்டையும் காட்டிக்கொடுத்து ஊர்க் கார்டிலும் பெயர் போய்விடும். புகாருக்கு 14445.

கேள்வி: தமிழ்நாட்டில் எடுத்த மாற்றுத்திறனாளி அட்டை கேரளத்தில் செல்லுமா?
வாசகர், நெடுங்கண்டம்

பதில்: செல்லும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58-வது பிரிவு, சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று நேராகச் சொல்கிறது. மறுபடி மருத்துவ போர்டுக்கு வா என்றால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். மாத ஓய்வூதியம் மட்டும் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் விதிப்படிதான், அதற்குக் கேரளக் குடியிருப்புச் சான்று எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போங்கள்.